வற்றிய தாங்கியின் சாட்சியம்



மட்டக்களப்பு வாவியிலே இயந்திரத் தோணியொன்று எரிபொருள் தீர்ந்து நடுநீரில் நின்றுவிட்டால், தோணிக்காரர் பெரிதும் கலங்குவதில்லை. கோலூன்றியோ சவள் வலித்தோ கரையை அடைந்துவிடுவார். அதே வாவியின் மேலாகத் திமிலைத்தீவு விமான நிலையத்தை நாடிவரும் சிறு விமானத்துக்கு அவ்வசதி இல்லை. இயந்திரம் நின்றவுடன் விமானம் கல்லைப்போல் வீழ்ந்துவிடுவதில்லை. இறக்கைகளின் வலிமையால் சிறிது தூரம் மிதந்து இறங்கும். ஆயினும் விமானிக்குக் கிடைப்பவை சில நிமிடங்களே. அதற்குள் வயலோ வெளியோ வாவியோ, எதிர்ப்பட்ட இடத்தில் இறங்கியாக வேண்டும்.

இத்தகைய விபத்து நிகழ்ந்தால், 'எரிபொருள் தீர்ந்தது' என்று ஒரு வரி எழுதி விசாரணையை முடித்துவிடலாம் எனச் சிலர் எண்ணக்கூடும். உண்மையில் ஆய்வாளரின் பணி அங்கேதான் ஆரம்பமாகிறது.

உண்மையிலேயே எரிபொருள் தீர்ந்துவிட்டதா என்பதே அவரது முதல் வினா. சிறு விமானங்கள் பலவற்றில் இறக்கைக்கொரு தாங்கி உண்டு. ஒன்று வற்றியிருக்க, மற்றது நிறைந்திருக்கலாம். அதற்கு மாற்றும் பிடியை விமானி திருப்பாமல் விட்டிருக்கலாம். எரிபொருள் இல்லாமற் போவது ஒன்று. இருந்தும் இயந்திரத்துக்கு எட்டாமற் போவது வேறொன்று. ஆகவே பிடி எந்த நிலையில் இருந்தது, குழாய்களில் எவ்வளவு எஞ்சியிருந்தது என்று ஆய்வாளர் பார்க்கிறார். உந்துவிசிறியின் அலகுகள் வளைந்துள்ள விதத்தைக் கொண்டு, நிலத்தில் மோதும்போது இயந்திரம் வலுவுடன் சுழன்றதா என்பதை மதிப்பிடுகிறார். தீப்பற்றாமை ஒரு குறிப்பாகும். ஆனால் அது மட்டுமே முடிவாகாது.

நிலத்திலே தாங்கி உடைந்தால் பெற்றோல் மணமும், கருகிய புல்லும் சாட்சியாகும். நீரிலோ அச்சாட்சி விரைவில் மறைந்துவிடும். விமானப் பெற்றோல் நீரிலும் இலேசானது. மேலே படலமாய்ப் பரந்து சிறிது நேரத்தில் ஆவியாகிவிடும். தாங்கியினுள்ளே வாவி நீர் புகுந்துவிடும். எனவே முதலில் அங்கு சென்றடையும் மீனவரின் சொல் பெறுமதி மிக்கது. இயந்திரம் திக்கித்திக்கி நின்றதா, இறுதிவரை முழங்கியதா? நீர்மேல் வண்ணப்படலம் தெரிந்ததா? மணம் வீசியதா? உயிர்களைக் காப்பதே முதற்கடன். அதற்கு வேண்டாத எதனையும் தொடாமலும் திருப்பாமலும் விடுவது இரண்டாவது கடன்.

அடுத்த வினா, எரிபொருள் ஏன் போதவில்லை என்பது. இதற்கு விடை பெரும்பாலும் விமானம் புறப்படுமுன்னரே தரையில் கிடக்கும். எத்தனை லீற்றர் நிரப்பினார்கள்? அளவுகோலைத் தாங்கியில் இட்டுப் பார்த்தார்களா, மானியின் முள்ளை மட்டும் நம்பினார்களா? காற்றைக் கணக்கிட்டார்களா?

காற்றின் கணக்கைச் சற்றே பாருங்கள். இரத்மலானைக்கும் மட்டக்களப்புக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். மணிக்கு 180 கிலோமீற்றர் வேகமுள்ள விமானம், காற்றில்லாத நாளில் 73 நிமிடங்களில் அதனைக் கடக்கும். மேற்கேயிருந்து கச்சான் காற்று மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால், இங்கு வருவதற்கு ஒரு மணி நேரமே செல்லும்; திரும்பிச் செல்வதற்கோ 98 நிமிடங்கள் வேண்டும். மணிக்கு 36 லீற்றர் எரிக்கும் இயந்திரத்துக்கு அந்த 25 நிமிட மிகை 15 லீற்றராகும். வந்த நேரத்தை வைத்துப் போகும் நேரத்தைக் கணித்தவன் மலைநாட்டின் மேலே தவறை உணர்வான்.

பெரிய விமானங்களும் இதற்கு விலக்கல்ல. 1993ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், சென்னையிலிருந்து ஐதராபாத் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் எயர்பஸ் விமானம், அங்கு பார்வைத் தெளிவின்மையால் இறங்க இயலாமல் சென்னைக்குத் திரும்பியது. இறங்குவதற்காக நீட்டிய இறக்கை மடல்கள் மீண்டும் உள்ளே செல்லவில்லை. அவை காற்றைத் தடுத்தமையால் எரிபொருட் செலவு மிகுந்தது. ஈற்றில் திருப்பதிக்கு அருகே நெல்வயலில் இறங்க நேர்ந்தது. விமானத்திலிருந்த 262 பேரும் உயிர் தப்பினர். தூரம் மாறவில்லை, விமானத்தின் நிலை மாறியது. பழைய கணக்கு புதிய நிலைக்குப் பொருந்தவில்லை.

இத்தனை ஆராய்ச்சியும் ஒருவரைக் குற்றவாளியாக்கவா? அன்று. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் மீண்டும் விபத்து நேராமல் தடுப்பதே என்றும், பழி சுமத்துவதன்று என்றும் தெளிவாகக் கூறுகின்றது. இதில் ஆழ்ந்த நடைமுறை அறிவு உண்டு. தண்டனைக்கு அஞ்சும் விமானி, தாங்கியைப் பார்க்காமற் புறப்பட்டதை மறைப்பான். எரிபொருள் நிரப்பியவனும் மறைப்பான். அவர்கள் மறைத்த அதே தவறை, அதனை அறியாத இன்னொருவன் நாளை செய்வான்.

'கவனக்குறைவு' என்ற சொல் விசாரணையை முடித்துவைக்குமேயன்றி, எவரையும் காப்பாற்றாது. கவனம் எந்த இடத்தில், எதனாற் குறைந்தது என்று கண்டு சொல்லும் அறிக்கையே அடுத்த விமானியின் கையில் அளவுகோலைக் கொடுக்கும்.