சாவியை எங்கள் கையில் கொடுத்தவர்கள்



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. மைக் பிடிச்சுப் பழக்கமில்ல. தப்பா பேசினா பொறுத்துக்கோங்க.

எங்க ஊருக்கு முன்னாடி ஒரு டிரஸ்ட் வந்து ஆறு தையல் மெஷின் கொடுத்துட்டுப் போனாங்க. ஊசி உடைஞ்சா மாத்தக்கூட யாருக்கும் தெரியல. இன்னைக்கு அதுமேல நெல் மூட்டை இருக்கு.

அப்புறம் இன்னொரு சின்ன அறக்கட்டளை வந்தது. மொத்தமே மூணு பேர். "எங்ககிட்ட கொடுக்கப் பணம் இல்ல. ரெண்டு வருஷம் கூட இருப்போம்"னு சொன்னாங்க. பணம் தராதவங்களுக்கு எதுக்கு டீ போடணும்னு நானே முணுமுணுத்தேன்.

அவங்க சொல்லிக் கொடுத்தது அஞ்சு விஷயம். தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவணை தவறாம திருப்பிக் கட்டுறது, அன்னன்னைக்கே கணக்கு எழுதுறது. பேங்க் மேனேஜர் முன்னாடி அவங்க பேசமாட்டாங்க. எங்களைத்தான் பேசச் சொல்லுவாங்க. பெட்டிச் சாவியையும் அவங்க தொட்டதே இல்ல. ரெண்டு வருஷம் முடிஞ்சதும் சொன்னபடி கிளம்பிட்டாங்க.

மூணாம் மாசம் ரொக்கத்தில் 1,800 ரூபாய் குறைஞ்சது. கணக்கு எழுதுறது நான். யாரும் வாய்விட்டுக் கேக்கல, ஆனா எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க. "உனக்கு எதுக்கு இந்த வம்பு, விட்டுடு"ன்னார் வீட்டுக்காரர். ராத்திரியெல்லாம் அழுதேன்.

அந்த அறக்கட்டளை அக்காவுக்கு போன் போட்டு வரச் சொன்னோம். "நான் வரல. எல்லாரும் பாஸ்புக்கை எடுத்துட்டு வந்து ஒண்ணா உட்காருங்க"ன்னு வச்சுட்டாங்க. கோபமா வந்தது.

உட்கார்ந்தோம். ஒவ்வொரு பாஸ்புக்கா ரொக்கப் புத்தகத்தோட ஒத்துப் பார்த்தோம். பன்னிரண்டாவது புத்தகத்தில் தெரிஞ்சது. ஒரு அக்கா, "தவணை எடுத்து வச்சிருக்கேன், சாயங்காலம் தர்றேன்"னு சொன்னதை நம்பி, பணம் வாங்கும் முன்னாடியே வரவு எழுதிட்டேன். அவங்களும் மறந்துட்டாங்க. அவங்க பாஸ்புக்கில் வரவு இல்ல. தப்பு என்னுதுதான். திருட்டு இல்ல. அதை எங்க குழுவே கண்டுபிடிச்சது. அன்னைக்கு அந்த அக்கா வந்திருந்தா, இன்னமும் அவங்களைத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருப்போம்.

மதுரை மாவட்டம் புல்லுசேரி சின்னப்பிள்ளை அம்மாவை நமக்கெல்லாம் தெரியும். பள்ளிக்கூடம் போகாதவங்க, வயல்ல கூலி வேலை செஞ்சவங்க. தானம் அறக்கட்டளை வளர்த்த களஞ்சியம் இயக்கத்தில் தலைவியானாங்க. 2001-ல் ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தப்போ பிரதமர் வாஜ்பாய் அவங்க காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ கிடைச்சது. ஒரு காசோலை கொடுத்து இப்படி ஒரு தலைவியை உண்டாக்க முடியுமா?

பணம் வேண்டாம்னு நான் சொல்லல. மாடு வாங்கவும், பிள்ளைக்குப் பீஸ் கட்டவும் பணம்தான் வேணும். ஆனா பணம் செலவாயிடும். கத்துக்கிட்டது நம்மகிட்டயே இருக்கும்.

இன்னைக்கு நம்ம கூட்டமைப்பும் ஒரு சின்ன அறக்கட்டளை மாதிரிதான். அதனால ஒரு கோரிக்கை. பழைய குழு ஒவ்வொண்ணும் கணக்கு எழுதத் தெரிஞ்ச ஒருத்தரை ஒரு புதுக் குழுவுக்கு ஆறு மாசம் அனுப்பணும். பேனாவை அவங்க கையில் கொடுத்துட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தா போதும். முதல் பேரா என் பேரை எழுதிக்கோங்க.