வெண்ணிக்குயத்தியாரும் சேப்பாக்கத்து இரசிகர்களும்



இலக்கியத் தொடரிலே கிரிக்கட்டுக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் ட்ரினிடாட்டிற் பிறந்த சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963ஆம் ஆண்டில் கிரிக்கட்டை வைத்து எழுதிய நூல், மேற்கிந்தியத் தீவு மக்கள் தம்மைத் தாமே கண்டுகொண்ட வரலாறாக இன்றும் படிக்கப்படுகிறது. நமக்கோ வெட்சியில் தொடங்கி வாகை வரையில் போரைப் பாடுவதற்கென்றே திணை வகுத்த மரபு ஒன்றுண்டு. வென்றவனை எப்படிப் பார்ப்பது, தோற்றவனை எப்படிப் பார்ப்பது என்பது தமிழ்ப் புலவர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக யோசித்து வந்த விடயம். அந்தத் துணிவில்தான் இன்று இந்தப் பேச்சை எடுத்துக்கொள்கிறேன்.

1999 ஜனவரியில் சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய டெஸ்ட் போட்டியைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 1987இல் பெங்களூரில் ஆடிய பின்னர் இந்திய மண்ணில் இவ்விரு நாடுகளும் டெஸ்ட் ஆடவேயில்லை. பாகிஸ்தான் வரக்கூடாது என்று சொல்லி, டில்லியின் ஆடுகளத்தைச் சிவசேனைக்காரர் கொத்திக் கிளறிவிட்டார்கள். அதனால் முதற்போட்டி சென்னைக்கு வந்தது. பொலிஸ் காவலுக்கு நடுவில்தான் ஆட்டம்.

வெற்றிக்கு இந்தியாவுக்குத் தேவைப்பட்டது 271 ஓட்டங்கள். 82 ஓட்டங்களுக்குள் ஐந்து விக்கட்டுகள் போய்விட்டன. முதல் இனிங்ஸில் ஓட்டமெதுவும் பெறாமல் ஆட்டமிழந்திருந்த டெண்டுல்கர், முதுகுவலியோடு நின்று 136 ஓட்டங்கள் எடுத்தார். விக்கட் காப்பாளர் மொங்கியா 52 எடுத்துத் துணைநின்றார். இன்னும் 17 ஓட்டங்களே வேண்டும் என்ற நிலையில் சக்லைன் முஸ்தாக்கின் பந்தை உயர்த்தி அடித்து டெண்டுல்கர் பிடிகொடுத்தார். மிஞ்சியிருந்த மூன்று விக்கட்டுகளும் நான்கே ஓட்டங்களுக்குள் சரிந்தன. 12 ஓட்டங்களால் பாகிஸ்தான் வென்றது. ஆட்டநாயகன் விருதைப் பெற்றுக்கொள்ளக்கூட டெண்டுல்கர் வெளியே வரவில்லை.

அதன் பின்னர் நடந்ததுதான் நம் விடயம். அரங்கு சில கணம் அசைவற்றுக் கிடந்தது. பிறகு மக்கள் எழுந்து நின்றார்கள், கைதட்டினார்கள். வசீம் அக்ரமும் அவருடைய அணியினரும் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தபோது அந்தக் கைதட்டல் அவர்களோடு கூடவே சுற்றி வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் வேலையில்லாத நாள். அக்காலத்தில் நான் உயர்தர வகுப்பு மாணவன். எங்கள் லயத்து இஸ்தோப்பில் ஒரு ட்ரான்சிஸ்டரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். கவாத்து வெட்டுகிற பெரியவர் ஒருவர் இருந்தார், இந்தியா தோற்றால் அன்று இராச்சாப்பாடு இறங்காது அவருக்கு. கைதட்டற் செய்தியைக் கேட்டதும் அவர், "தோத்தது நாம, தட்டுறதும் நாமளா? இது என்னா கூத்துடா!" என்றார். அந்தக் கேள்வியை நான் இன்னமும் முழுவதுமாக விடுவித்துக்கொள்ளவில்லை.

புறநானூற்றில் 66ஆம் பாடலைப் பாடியவர் வெண்ணிக்குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர். வெண்ணி என்பது ஊர். குயத்தியார் என்ற பெயர் மட்பாண்டம் வனையும் குடியைக் காட்டுகிறது. அவ்வூர்ப் போர்க்களத்தில் கரிகாலன் வென்றான், சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகிற் புண்பட்டான், அந்த நாணம் பொறாமல் வடக்கிருந்து உயிர் நீத்தான். வென்ற மன்னனுக்கு முன்னால் நின்று இந்தக் குயவர் வீட்டுப் பெண் கேட்கிறார்: வெற்றி உனக்குத்தான், ஆனால் புகழோடு வடக்கிருந்த அவன் உன்னிலும் நல்லவன் அல்லவா? புகழ் பாடிப் பரிசில் பெறும் காலத்தில் இப்படிக் கேட்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

சேப்பாக்கத்தில் நடந்தது இதன் மறுபக்கம். அங்கே தோற்றவனின் ஊரார் வென்றவனை வாழ்த்தினார்கள். இரண்டில் எது அரிது என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன். தோற்றவன்மீது இரக்கம் இயல்பாகவே சுரக்கும். நம்மைத் தோற்கடித்தவனின் திறமையை அதே நிமிடத்தில் ஒப்புக்கொள்வதற்கு உள்ளே ஏதோ ஒன்று இளக வேண்டும். 1997 மே மாதத்தில் இதே மைதானத்தில் சயிட் அன்வர் 194 ஓட்டங்கள் குவித்தபோதும் சென்னை மக்கள் எழுந்து நின்று பாராட்டினார்கள் என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

இதைத் தமிழர் பண்பாடு என்று சிலர் மேடையில் முழங்குவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரசிகர் கூட்டம் என்பது மழைக்கால மலைவீதி மாதிரி, எந்த இடத்தில் சரியும் என்று சொல்ல முடியாது. சென்னைக்குப் பின் மூன்று வாரத்திற்குள் கல்கத்தாவில் டெண்டுல்கர் ரன்அவுட் ஆனபோது கலவரம் மூண்டு, பார்வையாளரை வெளியேற்றிவிட்டு வெறும் அரங்கில் ஆட்டத்தை முடித்தார்கள். அதே ஆண்டு மே மாதம் கார்கிலில் துப்பாக்கிகள் பேசத் தொடங்கின. சேப்பாக்கம் மட்டும் என்ன? 2013இல் ஐ.பி.எல். போட்டிகளின்போது இலங்கை வீரர் எவரும் சென்னையில் ஆடக்கூடாது என்று ஆகிவிட்டது. 2008 முதல் 2010 வரை சென்னை அணிக்காகவே அம்மைதானத்தில் பந்துவீசிய முத்தையா முரளிதரனும் அந்தத் தடைக்குள் அடங்கினார். அந்தத் தடைக்குப் பின்னால் இருந்த 2009இன் துயரத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆனாலும் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த ஒருவரின் பேரன், தமிழ் பேசுகிறவர், தமிழகத்தின் வாசலில் 'இலங்கையன்' என்று நிறுத்தப்பட்டார் என்பதை மலையகத்தில் உள்ள நாம் எப்படிப் படிப்பது?

இங்கேதான் கிரிக்கட் நமக்கு வெறும் விளையாட்டாக இல்லாமற் போகிறது. 1990இல் பிரித்தானிய அரசியல்வாதி நோர்மன் டெபிற் ஓர் அளவுகோலைச் சொன்னார். குடியேறி வந்த ஆசியர்கள் கிரிக்கட்டில் எந்த நாட்டுக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்த்தால் அவர்களின் விசுவாசம் தெரிந்துவிடும் என்றார். இலண்டனில் பெரும் சர்ச்சை. நமக்கோ அது புதிதே அல்ல. ஹட்டன் பஸ் நிலையத்தில், நுவரெலியாச் சந்தையில், ஆசிரியர் ஓய்வறையில், "நீங்க எந்தப் பக்கம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்கப்பட்ட பரீட்சை அது. கேட்பவர் சிரிப்பார். பதில் சொல்பவர்தான் சொல்லைத் தேடுவார்.

ஏன் தேடினார் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோர் ஆக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. முந்திய ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர் நம் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை என்பதை இலக்கிய நேயர்கள் அறிவீர்கள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று மனிதரைக் கூறுபோட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம் மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். அங்கிருந்து கப்பல். ஓர் அணிக்குக் கைதட்டுவது 'அப்படியானால் நீ அங்கேயே போ' என்ற சொல்லுக்கு இடங்கொடுத்துவிடும் என்று பயந்த தலைமுறை அது.

1985 செப்டெம்பரில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. தோற்றது இந்தியா, 149 ஓட்டங்களால். நாட்டுக்கே விடுமுறை கொடுத்தார்கள். வெற்றி கிடைத்த கொழும்பு மைதானத்தின் பெயர் பி. சரவணமுத்து மைதானம், ஒரு தமிழரின் பெயர். இந்த வேடிக்கையை அன்று எத்தனை பேர் கவனித்தார்களோ! அப்போது நான் சிறுபிள்ளை. பெரியவர்கள் பின்னர் சொல்லக் கேட்டிருக்கிறேன்: 1983 ஜூலை முடிந்து இரண்டே வருடம், கடைத்தெருவில் பட்டாசு வெடித்தபோது முதலில் கதவைத்தான் சாத்தினார்கள். வெற்றிப் பட்டாசு என்று தெரிந்த பிறகும் உடனே திறக்கவில்லை.

இந்த நிலையில்தான் முரளிதரன் வந்தார். கண்டியிற் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்தவரின் மகன், லயத்தில் வளர்ந்தவர் அல்லர். அவருடைய அரசியல் பேச்சுகள் பலருக்குக் கசந்ததும் உண்டு. எனக்கும் சிலவற்றில் உடன்பாடில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. ரதல்லையிலும் தரவளையிலும் துரைமார் புல் வளர்த்து ஆடிய மைதானங்கள் இருந்தன. நம் பிள்ளைகளுக்குக் கிடைத்ததோ கொழுந்து மடுவத்துக்கு முன்னால் ஒரு துண்டு நிலம், பெட்டிப் பலகையில் செதுக்கிய ஒரு மட்டை. பந்து கீழ்மலைத் தேயிலைக்குள் போனால் ஆறு ஓட்டம் கிடையாது, அவுட்! தேடி எடுக்க அரைமணி நேரமாகும் அல்லவா? அந்தப் பிள்ளைகள் எல்லோரும் திடீரென்று மணிக்கட்டைத் திருகிப் பந்துவீசத் தொடங்கினார்கள்.

சேப்பாக்கம் போட்டி முடிவதற்கு எட்டு நாள் முன்னர், 1999 ஜனவரி 23இல், அடிலெய்டில் நடுவர் எமர்சன் முரளியின் பந்து எறிபந்து என்று அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தன் வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துப் போய்விட்டார். ஆட்டம் நின்றது. ஒரு தமிழ்ப் பந்துவீச்சாளனுக்காகச் சிங்களத் தலைவர் ஒருவர் உலகத்தின் முன் விரல் நீட்டி வாதாடினார். நாட்டில் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. முன்பு சொன்ன பெரியவர் அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள் என்னிடம் இலங்கை அணியின் அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார். அடுத்த ஞாயிறு இந்தியாவுக்காக மறுபடியும் பட்டினி கிடந்தார். இதில் முரண்பாடு உண்டா? எனக்குத் தெரிந்தவரையில் அவருக்கு இல்லை.

2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட். இதுவே கடைசி என்று முரளி முன்னரே சொல்லிவிட்டார். 800க்கு இன்னும் எட்டு விக்கட்டுகள். முதல் இனிங்ஸில் ஐந்து, அவற்றில் டெண்டுல்கரும் ஒருவர். ஜூலை 22, வியாழக்கிழமை. ஏழு விக்கட்டுகள் ஆகிவிட்டன, இந்தியாவுக்குக் கடைசி இணை நிற்கிறது, ஓவர்கள் போய்க்கொண்டேயிருக்கின்றன. கடைசியில் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்து மஹேல ஜயவர்தனவின் கையில் விழுந்தது. எண்ணூறு! தோற்ற நாடு இந்தியா, வென்ற கை நம் மலைநாட்டுக்காரனுடையது.

கோவூர்கிழார் நினைவுக்கு வருகிறார். உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளியிடமும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியிடமும் அவர் சொன்னது புறம் 45இல் இருக்கிறது. எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனுமல்லன், வேப்பம்பூச் சூடிய பாண்டியனுமல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. எவர் தோற்றாலும் தோற்பது ஒரே குடி என்றார். போரை நிறுத்தச் சொன்ன புலவர் அவர். விளையாட்டை நிறுத்தவேண்டியதில்லை. ஆனால் இருபக்கமும் ஆத்திப்பூவாக இருக்கும்போது பார்த்துக்கொண்டிருப்பவரின் நெஞ்சு எப்படி இருக்கும் என்பதை அவருக்குப் பிறகு நம் எழுத்தாளர்கள் போதிய அளவு எழுதவில்லை என்பது என் குறை. கப்பலேறியதைப் பற்றிக் கதைகள் வந்தன, வரவேண்டியவையே. அங்கும் இங்கும் பிரிந்தவர்கள் ஒரே ஆட்டத்தை ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்த மாலைப்பொழுதுகள் எந்தக் கதையில் இருக்கின்றன?

அப்படி ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அயல் வீட்டில் ஓர் அம்மா இருந்தார். அவருடைய அக்கா எழுபதுகளில் கப்பலேறி நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தவர். ஓஜா ஆட்டமிழந்து ஐந்து நிமிடம் இருக்காது, கைத்தொலைபேசி அடித்தது. மறுமுனையில் அக்கா. "பாத்தியாடி, நம்ம புள்ள எடுத்துட்டான்!" என்ற குரல் வாசல் வரை கேட்டது.

"நீதான் இந்தியாக்காரியாச்சே அக்கா, ஒனக்கு என்னா இம்புட்டு சந்தோசம்?" என்று இவர் சீண்டினார்.

"போடி, இங்க எங்கள இன்னமும் சிலோன்காரங்கன்னுதான் சொல்றாங்க" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு பேச்சு கூடலூர் மழைக்குப் போனது, அக்கா மகளின் கலியாணத்துக்குப் போனது, சாமான் விலைக்கும் போனது. காசு முடிந்து அழைப்பு அறுந்துபோகும் வரையில் கிரிக்கட் மறுபடி வரவேயில்லை.