வர்க்கியும் ரொட்டியும்



வெளியூர் போய்த் திரும்புகிறவர் கையில் ஒரு பொட்டலம் இருக்கவேண்டும் என்பது நம்மவர் வழக்கம். வீட்டுப் பிள்ளைகள் முதலில் பார்ப்பது ஆளையல்ல, அவர் கையிலுள்ள பையைத்தான். தின்பண்டத்தைப் பண்ணியம் என்பது பழந்தமிழ். மதுரைக்காஞ்சியின் இரவுக் கடைவீதியிலே அடையும் மோதகமும் விற்போரை நாம் காண்கிறோம். ஊரின் பெயரும் பண்டத்தின் பெயரும் சேர்ந்தே நடப்பதும் உண்டு. திருநெல்வேலி என்றால் அல்வா, மணப்பாறை என்றால் முறுக்கு, தூத்துக்குடி என்றால் மக்ரூன், ஊட்டி என்றால் வர்க்கி.

அந்த ஊட்டி வர்க்கியைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன். பொல்பிட்டியவில் இருக்கும் எனக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு என் அத்தை வழியாக வந்தது.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தை மலையகத்தில் அறியாதவர் இல்லை. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று கணக்கு எழுதினார்கள். மிஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்தக் கணக்கிலே எங்கள் குடும்பமும் இரண்டானது. அப்பா இங்கே நின்றார். அவருடைய அக்கா, கணவர் வீட்டாரோடு தலைமன்னாரில் கப்பலேறினார். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்திருந்தது. அவற்றுள் ஒன்றில், கோத்தகிரிப் பக்கம், அத்தைக்கு வேலை கிடைத்தது. இங்கே கொழுந்து பறித்த கை அங்கேயும் கொழுந்துதான் பறித்தது. இங்கே அவரை இந்தியாக்காரி என்றார்கள். அங்கே சிலோன்காரி என்றார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தையின் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காருமுன்னே ஓர் அட்டைப்பெட்டியை அப்பாவின் மடியில் வைத்தார். "அம்மா குடுத்தாங்க மாமா, ஊட்டி வர்க்கி."

முரட்டுக் கல்லைப் போன்ற வெளித்தோற்றம். பிட்டால் உள்ளே ஏடு ஏடாக உதிர்கிறது. மைதா, சீனி, உப்பு, நெய் அல்லது வனஸ்பதி, இவ்வளவுதான் பொருள்கள். ஈஸ்ட்டுக்குப் பதிலாக, வாழைப்பழமும் ரவையும் மைதாவும் சேர்த்துப் புளிக்கவைத்த 'மாவா' என்ற ஒன்றைக் கலக்கிறார்கள். பிசைந்ததை விரித்து, நெய் தடவி, மடித்து மடித்து அடுக்காக்கி, விறகுப் போறணையில் வேகவைக்கிறார்கள். போறணை என்ற நம்மூர்ச் சொல், பாணையும் விசுக்கோத்தையும் போலப் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. வர்க்கி என்ற சொல்லின் வேர் இன்னும் தூரத்தில் இருக்கிறது. அரபியில் 'வரக்' என்றால் இலை, ஏடு. அடுக்கடுக்காகச் செய்யும் பலகாரத்தை வடநாட்டில் வர்க்கி என்பர். வெள்ளைக்காரன் கோடைக்குத் தங்கிய மலைநகரில் அந்தச் சொல்லும் அவனுடைய போறணையும் சேர்ந்து ஒரு பண்டமாயின.

அப்பா ஒன்றை எடுத்துத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றார். "அக்கா இதைத்தான் தின்னுதா அங்க?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு நாள் கழித்து அத்தான் புறப்படும்போதுதான் எங்களுக்குச் சங்கடம் வந்தது. அத்தைக்கு எதைக் கொடுத்தனுப்புவது? கினிகத்தேனைக்கும் ஹட்டனுக்கும் போய்ப் பார்த்தேன். பேக்கரிகளில் பணிஸ் இருந்தது, கேக் இருந்தது, கொழும்பிலிருந்து வந்த பிஸ்கட் பக்கெட்டுகள் இருந்தன. எங்கள் மலையின் பெயரைச் சுமந்த பண்டம் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. தேயிலை வாங்கலாமென்றால் அத்தான் சிரித்தார். "தேயிலைக்குள்ளதானே மச்சான் நாங்களும் கிடக்கோம்!"

அம்மா ஒன்றும் பேசவில்லை. விடிகாலையில் எழுந்து கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து, தடித்த ரொட்டியாகத் தட்டி, ஈரம் வற்றும் வரை சுட்டார். வாழையிலையில் சுற்றிக் கட்டச்சம்பலோடு கொடுத்தார். கொழும்பு, சென்னை, பிறகு இரவு பஸ். மூன்றாம் நாள் அத்தை தொலைபேசியில் பேசினார். "ரொட்டி கொஞ்சம் புளிச்சுத்தான் போச்சுடா தம்பி. ஆனா ஒண்ணு விடாம நானே தின்னுட்டேன். யாருக்கும் குடுக்கல."

நேயர்களே, 2023ஆம் ஆண்டு ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறோர் ஊரில் செய்து அந்தப் பெயரில் விற்க இனிச் சட்டம் இடம் தராது. அதே ஆண்டில்தான், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகளானதை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்மவர் நடந்தார்கள். இரண்டு செய்திகளையும் நான் ஒன்றாகவே எண்ணிப் பார்க்கிறேன். ஒரு பண்டத்துக்கு ஊர்ப்பெயர் வரவேண்டுமானால், அதைச் செய்கிறவர் அந்த ஊரில் நிலைத்திருக்க வேண்டும். 'இது எங்களுடையது' என்று சொல்ல வாய் இருக்க வேண்டும். நுவரெலியா, டிம்புள்ள என்று தேயிலை ஊர்ப்பெயரோடு உலகெங்கும் போகிறது. அதைப் பறித்தவள் மலைக்குக் கட்டிக்கொண்டு போன ரொட்டிக்கு எந்தப் பெயரும் இல்லை. அவளே எந்த ஊர்க்காரி என்பதைக் காகிதம் அல்லவா முடிவு செய்துகொண்டிருந்தது!

ரொட்டியைப் பெட்டியில் அடைத்து விற்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. விற்றாலும் நல்லதே. அதற்கு முன் எழுதிவைப்போம். என் வகுப்பு மாணவர்களிடம், பாட்டியிடம் கேட்டு ஒரு பலகாரத்தின் பக்குவத்தை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவி வெறுங்கையோடு வந்தாள். "பாட்டி சிரிக்கிறாங்க சேர். ரொட்டியையெல்லாம் யாராச்சும் எழுதுவாங்களான்னு கேக்கிறாங்க" என்றாள்.

எழுதத்தான் வேண்டும், நேயர்களே. மறுபடியும் போய்க் கேள் என்று அவளை அனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.