சந்தா கட்டியவர்களின் தலைமை



நமது ஆண்டு விழா மேடைகளில் யாழ்ப்பாணத்தைப் பற்றியும் மட்டக்களப்பைப் பற்றியும் நிறையப் பேசியிருக்கிறோம். எனக்குத் தந்த இந்தச் சில நிமிடங்களைக் கண்டிக்குக் கொடுக்கிறேன். அங்கே நெடுங்காலமாகத் தொழிலாளிப் பெண்கள் நடுவே நின்று வேலை செய்துவரும் மேனகா கந்தசாமியை இந்தச் சபை அறியப் பாராட்ட வேண்டும்.

ஊருக்குப் போகும்போது பிள்ளைகளைக் கண்டியிலுள்ள ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறோம். பழைய இயந்திரங்களைப் பார்க்கிறோம். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயரைத் தெரிந்துகொள்கிறோம். கொழுந்து பறித்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்துக்குப் போக வேண்டும். கண்டி சமூக அபிவிருத்தி நிறுவகம் அங்கே தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயம் ஒன்றையே அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறது. மேனகாவின் பணியும் அந்த நிறுவகத்தோடு சேர்ந்து வளர்ந்ததுதான்.

தோட்டத்தில் கொழுந்துக் கூடை சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தொழிற்சங்கச் சந்தா அவர்கள் சம்பளத்திலும்தான் வெட்டப்படுகிறது. ஆனால் தலைவர் ஆண், செயலாளர் ஆண், தோட்டத் துரையோடு பேசப் போகிறவரும் ஆண். பெண்களுக்கென்று மாதர் சங்கம் ஒன்று இருக்கும். கூட்டத்துக்கு ஆள் சேர்க்க அது வேண்டும், முடிவெடுக்க வேண்டாம். 1930களில் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரோடு தோட்டந்தோட்டமாகச் சென்று பாடிப் பாடியே தொழிலாளரைத் திரட்டியவர் அவர் மனைவி மீனாட்சி அம்மாள். அவருக்குப் பிறகும் தொழிற்சங்கங்கள் பெண்ணின் குரலைப் பயன்படுத்திக்கொண்டன, தலைமையை மட்டும் கொடுக்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்பதே 1984இல்தான் வந்தது.

மேனகா இந்த நிலையை ஆராய்ந்து, தோட்டத் தொழிற்சங்கங்களில் பெண் தலைமை பற்றி நூல் எழுதினார். எழுதியதோடு நிற்காமல் செங்கொடிச் சங்கம் என்ற தொழிற்சங்கத்தின் பொதுச் செயலாளர் பொறுப்பையும் ஏற்றார். ஒரு தொழிற்சங்கத்தின் தலைமையில் மலையகப் பெண் ஒருவர் அமர்ந்தது சின்ன விஷயமில்லை.

அதைவிடப் பெரிதாக நான் மதிப்பது வேறொன்று. லயத்திலிருந்து கொழும்புக்கும் கண்டிக்கும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களை அவர் மறக்கவில்லை. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு வீட்டின் சமையலறைக்குள் தனித்து இருப்பவள். தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கூடி நிற்பவர்களைத் திரட்டுவதுபோல இவர்களைத் திரட்ட முடியாது. சட்டம் என்று சொல்ல இருந்ததோ, வேலைக்காரர்களைப் பதிவுசெய்யச் சொல்லும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். வீட்டுப் பணியாளருக்கான சர்வதேச சமவாயமே 2011இல்தான் நிறைவேறியது. அப்படிப்பட்ட பெண்களுக்குச் செங்கொடிச் சங்கத்தின் துணையோடு தனியாக ஒரு சங்கம் எழுந்தது.

இதைக் கைதட்டிக் கேட்டுவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அந்தச் சமையலறைகளில் சில நம் உறவினர் வீடுகளிலும் இருக்கின்றன. ஊரிலுள்ள அம்மாவையோ அக்காவையோ பார்த்துக்கொள்ள மலையகத்துப் பெண் ஒருவரை வைத்திருக்கிறீர்களா? வாரத்தில் ஒரு நாள் அவருக்கு ஓய்வு கொடுங்கள். சம்பளத்தைத் தரகரிடமோ தகப்பனிடமோ கொடுக்காமல், மாதந்தோறும் அவர் கையிலேயே கொடுக்கச் சொல்லி இன்றிரவே தொலைபேசி எடுத்துப் பேசுங்கள்.