ஐந்தாவது வட்டம்



பொதுத்தேர்வு நெருங்கும்போது நம் கோவில்களில் பிள்ளைகளின் பேனாக்களை மந்திரித்துக் கொடுக்கிறோம். நல்ல வழக்கம்தான். இன்று அந்தப் பேனாவுக்குள் இருக்கும் மையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

2019 செப்டம்பர் 1 அன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு நடந்தது. லட்சக்கணக்கானோர் எழுதினார்கள். முடிவு வந்தபோது முதல் நூறு இடங்களுக்குள் இராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். அவர்களில் பலர் வெளிமாவட்டத்துக்காரர்கள். சொந்த ஊர்ப்பக்கம் மையம் இருக்க, இத்தனை தூரம் ஏன் போனார்கள்? இந்தக் கேள்வியில்தான் முடிச்சு அவிழ்ந்தது. சில மணி நேரத்தில் மறைந்துபோகும் மையால் விடைகளைக் குறித்திருக்கிறார்கள். விடைத்தாள்கள் சென்னைக்குப் போகும் வழியில் இடைத்தரகர்கள் சரியான விடைகளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 99 பேருக்குத் தேர்வெழுத வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது.

அந்த 99 பேரைத் தூற்றிவிட்டுப் போவது எளிது. ஆனால் தரகருக்குக் கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? வேலை தேடும் பிள்ளையிடம் அவ்வளவு பணம் ஏது? பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள் கையைக் கடந்துதான் அது போகும்.

சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக ஆண்டவரிடம் சொன்னார். யாரிடம் வாங்கினோம் என்று அவரால் தேடிப்போக முடியும். தேர்வில் பறித்த இடத்தை எந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது? ஒரு மதிப்பெண்ணில் அந்த வேலையை இழந்தவர், தன் படிப்புதான் போதவில்லை என்று எங்கோ இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அதன்பின் ஆணையம் சில மாற்றங்களைச் செய்தது. கைரேகை வைக்கச் சொன்னது. எனக்குப் பிடித்தது இன்னொன்று. விடைத்தாளில் ஏ, பி, சி, டி என்ற நான்கு வட்டங்களுடன் 'இ' என்று ஐந்தாவதாக ஒரு வட்டம் வந்தது. விடை தெரியாவிட்டால் அதைக் கருமையாக்கச் சொன்னது. ஒவ்வொரு எழுத்தையும் எத்தனை முறை குறித்தோம் என்று எண்ணியும் எழுதச் சொன்னது. காலியிடம் இருந்தால்தானே அடுத்தவர் கை நுழையும்!

நம் வீடுகளில் அந்த ஐந்தாவது வட்டம் உண்டா? "தெரியலப்பா" என்று பிள்ளை சொன்னால் என்ன பதில் கிடைக்கிறது? பக்கத்து வீட்டுப் பையனின் மார்க்கைச் சொல்லிக் குத்திக்காட்டும் அன்றைக்கே, சட்டைக் கையின் மடிப்புக்குள் பிட் பேப்பர் நுழைந்துவிடுகிறது. பிறகு பறக்கும் படை வந்து உதறி எடுத்து என்ன பயன்?

மாதத் தேர்வுத் தாளில் கையெழுத்துக் கேட்டு இந்த வாரம் உங்கள் மகள் வந்து நிற்கலாம். மார்க்கைப் பார்ப்பதற்கு முன், எந்தக் கேள்வி புரியவில்லை என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கட்டும். கையெழுத்தைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.