கீரையும் டீயும்

மத்தியானம் முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிடுகிறீர்கள். நல்லது, அதில் இரும்புச்சத்து இருக்கிறது. கை கழுவின கையோடு ஒரு டீ. அங்கேதான் வம்பு! டீயின் துவர்ப்பு அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சரியாகச் சேராது. காபியும் அப்படித்தான்.

படியேறினால் மூச்சு வாங்குகிறது, எந்நேரமும் அசதி என்று வீட்டுப் பெண்கள் சொன்னால், "வேலை அதிகம்" என்று தள்ளிவிடுகிறோம். அது இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையாக இருக்கலாம். இரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள்.

டீயை விடச் சொல்லவில்லை, யார் கேட்பார்கள்? சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ஒரு மணி நேரம், அவ்வளவுதான். கீரையில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்; இரும்பு நன்றாகச் சேரும்.

டாக்டர் தந்த இரும்புச்சத்து மாத்திரையையும் டீயோடு விழுங்காதீர்கள். அந்த மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும். பயந்து நிறுத்திவிடாதீர்கள்.