குளத்தைத் தூக்கி ரோட்டு மேல வைக்காதீங்க

இன்னைக்கு எபிசோடு ஒரு பழைய மேப்பைப் பத்தினது. கூடவே நான் வாங்கிக் கட்டிக்கிட்ட கதையும் இருக்கு.

பொங்கலுக்கு அம்மா ஊருக்குப் போயிருந்தேன். பாவூர்சத்திரம். திருநெல்வேலி - தென்காசி ரோட்டுல, காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊர். அங்க என் மச்சான் ஒரு மனை பார்த்து வச்சிருந்தான். அட்வான்ஸ் கொடுக்கப் போற நேரத்துல அவனுக்கு ஒரு சந்தேகம். "அந்த இடம் முன்ன குளத்து உள்வாயா இருந்துச்சுன்னு சொல்லுதாங்க. நீ மேப் வேலைதானே பாக்குத, கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்."

அந்தப் பக்கம் இது சாதாரணக் கேள்வி இல்லை. குற்றாலத்து மலையில இருந்து வர்ற சிற்றாத்துத் தண்ணி கால்வாய் வழியா குளம் குளமா நிரப்பும். ஒண்ணு நிறைஞ்சா மறுகால் பாய்ஞ்சு அடுத்ததுக்குப் போகும். நடுவுல ஒரு வீடு வந்தா, வீட்டுக்கும் கேடு, கீழ இருக்கிற குளத்துக்கும் கேடு.

என்கிட்ட சர்வே ஆஃப் இந்தியாவோட பழைய டோபோ ஷீட் ஒண்ணு ஸ்கேன் பண்ணி இருந்தது. 1:50,000 அளவு. அதாவது தாள்ல 1 சென்டிமீட்டர்னா தரையில அரை கிலோமீட்டர். தாளோட நம்பர் 58 ஹெச்/5. இந்த நம்பரே ஒரு முகவரிதான். 58ங்கிறது 4 டிகிரிக்கு 4 டிகிரி கட்டம். அதை 16 ஆக்கினா எழுத்து, அந்த எழுத்தை இன்னொரு 16 ஆக்கினா கடைசி எண். பாவூர்சத்திரம், தென்காசி, குற்றாலம் மூணுமே இந்த ஒரே தாள்ல வந்துடும்.

ஸ்கேன் பண்ண மேப்புங்கிறது வெறும் போட்டோ. அது பூமியில எங்க உட்காரணும்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுக்கிறதுக்குப் பேர்தான் ஜியோரெஃபரன்ஸிங். கியூஜிஐஎஸ்னு ஒரு இலவச மென்பொருள்ல இதைச் செய்யலாம். நான் நாலு மூலையை கிளிக் பண்ணி, தாள்ல அச்சடிச்சிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் போட்டேன். எரர் 2 பிக்சலுக்குள்ள. சந்தோஷமா சாட்டிலைட் படத்து மேல ஏத்தினேன். மனை குளத்துக்கு நல்லா வெளிய இருந்தது. "தாராளமா வாங்கு"ன்னு சொல்லிட்டேன்.

பக்கத்துல உட்கார்ந்து லேப்டாப்பையே பார்த்துட்டு இருந்த தாத்தா கேட்டார்: "ஏலே, குளத்தத் தூக்கி ரோட்டு மேல வச்சிருக்க?"

பார்த்தா ஆமா. மேப்புல இருந்த குளத்தங்கரை நிஜக் கரைமேல உட்காரலை. ரயில் பாதையும் விலகி இருந்தது. கோயில், ரோடு எல்லாமே ஒரே பக்கமா, கிட்டத்தட்ட 200 மீட்டர் நகர்ந்து இருந்தது. எரர் கம்மி, ஆனா மேப் தப்பு. அது எப்படி?

இதுக்கு நாம பரங்கிமலைக்குப் போகணும். மெட்ரோல இறங்குறோமே, அதே பரங்கிமலைதான். 1802 ஏப்ரல் 10 அன்னைக்கு வில்லியம் லாம்டன் அங்க ஒரு அடிக்கோடு அளக்க ஆரம்பிச்சார். பெரும்பாக்கம் பக்கம் வரைக்கும் ஏழரை மைல். அந்த ஒரு கோட்டுல இருந்து முக்கோணம் முக்கோணமாக் கோர்த்து இந்தியா முழுக்க அளந்தாங்க. அவருக்கு அப்புறம் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், பூமியோட வடிவத்தை 1830-ல கணிச்சார். இந்தியாவுக்கு அது நல்லாப் பொருந்திச்சு, நம்ம பழைய டோபோ ஷீட்டெல்லாம் அந்த வடிவத்து மேலதான் வரைஞ்சது.

ஆனா உங்க போன்ல இருக்கிற ஜிபிஎஸ் வேற வடிவத்துல ஓடுது. அதுக்குப் பேரு டபிள்யூஜிஎஸ் 84. இந்த ரெண்டோட நடுமையமே 800 மீட்டருக்கு மேல விலகி இருக்கு. அதனால ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை எழுதினாலும் தரையில ரெண்டு வேற இடம். தென்காசிப் பக்கம் அந்த வித்தியாசம் 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. தாள்ல பார்த்தா வெறும் 4 மில்லிமீட்டர்தான், ஆனா தரையில ஒரு தெருவே மாறிடும்.

நான் பண்ணின தப்பு இதுதான். பழைய எண்களைக் கொடுத்துட்டு, "இது டபிள்யூஜிஎஸ் 84"னு மென்பொருள்கிட்ட பொய் சொல்லிட்டேன். நாலு மூலையும் ஒரே பொய்யைச் சொன்னதால அவங்களுக்குள்ள சண்டையே வரலை. எரர்னு காட்டுறது, நீங்க கொடுத்த புள்ளிகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதான்னு மட்டும்தான். இடம் சரியான்னு அது சொல்லாது.

சரி, முறையா எப்படிச் செய்யணும்?

முதல்ல ஸ்கேன். போன்ல போட்டோ எடுக்காதீங்க, ஓரமெல்லாம் வளைஞ்சிடும். மடிப்பை நீவிட்டு ஸ்கேனர்ல 300 டிபிஐ, டிஃப் ஃபைலா எடுங்க. அப்போ ஒரு பிக்சல் தரையில 4 மீட்டர் சொச்சம். முக்கியமா, ஓரத்தை வெட்டாதீங்க. எந்த வருஷ சர்வே, எந்த வடிவம்னு எல்லாம் ஓரத்துலதான் எழுதியிருக்கும். வெட்டறதைக் கடைசியில வச்சுக்கலாம்.

அடுத்து எண்கள். இந்தத் தாளோட தெற்கு ஓரம் 8 டிகிரி 45 நிமிடம். அதை 8.45-னு அடிச்சா, மேப் 33 கிலோமீட்டர் தெற்கே போயிடும்! ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், அதனால 45 நிமிடம்னா 0.75. அடிக்க வேண்டியது 8.75.

நாலு மூலையோட நிக்காதீங்க. 5 நிமிடத்துக்கு ஒரு கோடு வச்சா, தாள்ல மொத்தம் 16 சந்திப்பு கிடைக்கும். அத்தனையும் வையுங்க. ஒரு எண்ணைத் தப்பா அடிச்சிருந்தா உடனே அது மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும். தின் பிளேட் ஸ்ப்லைன்னு ஒரு முறை இருக்கு, அதுல எரர் பூஜ்யம்னு காட்டும். ஏமாறாதீங்க. அது தாளை இழுத்துப் பிடிச்சு உங்க புள்ளிமேல உட்கார வைக்குது, அவ்வளவுதான். 16 புள்ளி இருந்தா பாலினாமியல் 2 போதும்.

அப்புறம் அந்த வடிவம். பழைய தாள்னா கல்யாண்பூர் 1975, ஈபிஎஸ்ஜி 4146-ஐத் தேர்ந்தெடுங்க. டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாத்துற வேலையை மென்பொருள் பார்த்துக்கும். 2005 தேசிய வரைபடக் கொள்கைக்கு அப்புறம் வந்த ஓப்பன் சீரிஸ் தாள்கள் நேரா டபிள்யூஜிஎஸ் 84, யூடிஎம்ல இருக்கும். அதுக்கு இந்த மாத்தலைப் பண்ணினா எதிர்ப்பக்கம் 200 மீட்டர் நகர்ந்திடும். யூடிஎம்லயும் ஒரு கண்ணி உண்டு. தென்காசி, திருநெல்வேலி 43-ஆவது மண்டலம். 78 டிகிரியைத் தாண்டின தூத்துக்குடி 44.

கடைசியா, தாத்தா பண்ணின வேலை. நீங்க புள்ளி வைக்காத, காலத்துல நகராத ஒண்ணை எடுத்து ஒப்பிடுங்க. தென்காசி கோயில் கோபுரம், பழைய குளத்தங்கரை, ஆத்துப் பாலம். ரெண்டு மூணு இடத்துல பொருந்தினாத்தான் நம்பணும்.

எல்லாம் சரி பண்ணிட்டுப் பார்த்தேன். மச்சானோட மனை குளத்து ஓரத்துல ஒட்டி நின்னுச்சு. உள்ளயா வெளியயா? மேப்பால சொல்ல முடியாது. இந்த அளவு தாள்ல அரை மில்லிமீட்டர் பிசகினாலே தரையில 25 மீட்டர். பட்டா எல்லையை முடிவு பண்ண டோபோ ஷீட் ஆதாரமும் இல்லை. அதுக்கு வருவாய்த் துறையோட புலப்படமும் அ-பதிவேடும்தான் பார்க்கணும்.

பார்த்தோம். மனையோட ஒரு பகுதி ஓடைப் புறம்போக்குன்னு பதிவாகி இருந்தது. மச்சான் அட்வான்ஸ் கொடுக்கலை.

முதல் நாள் நான் சொன்னதைக் கேட்டிருந்தா அவன் பணம் போயிருக்கும், நானும் "எரர் 2 பிக்சல்தான்"னு பெருமை பேசிட்டு இருந்திருப்பேன். மேப் பதில் சொல்லலை, எங்க போய்க் கேட்கணும்னு மட்டும் காட்டுச்சு. அதுக்கே அது சரியான இடத்துல உட்கார்ந்திருக்கணும்.

உங்க ஊர்த் தாளை எடுத்துப் போட்டுப் பாருங்க. போட்டதும், ஊர்ல இருக்கிற ஒரு பெரியவர்கிட்ட காட்டுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.